பிரிண்டர் டிரைவர் போடுவது எப்படி: விண்டோஸ், மேக், லினக்ஸ், செல்போன்

திருப்பூர் பேக்கிங் செக்‌ஷனில் கார்ட்டன் ஸ்டிக்கர் அடிக்கும் பிரிண்டர் ஒரு ரகம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் பில் போடும் டாட் மேட்ரிக்ஸ் வேறு ரகம். பத்திர எழுத்தர் மேசையில் இருக்கும் லேசர், டியூஷன் சென்டரில் இருக்கும் இங்க் டேங்க் என்று ஒவ்வொன்றுக்கும் டிரைவர் தனி. ஆனால் போடும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பிரிண்டரின் முழு மாடல் பெயர், கம்ப்யூட்டரில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம், இரண்டையும் இணைக்கும் வழி, இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். "டிரைவர் ஏறவே மாட்டேங்குதுங்க" என்று சர்வீஸ் கடைக்கு வரும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் பொருந்தாமல் இருக்கும்.

டிரைவர் என்பது மொழிபெயர்ப்பு வேலை செய்யும் மென்பொருள். வேர்டிலோ டேலியிலோ பிரிண்ட் கொடுத்ததும், அந்தப் பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி அனுப்புகிறது. ஆபீஸ் லேசர்கள் பலவற்றுக்கு பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கட்டளை மொழி புரியும். டாட் மேட்ரிக்ஸுக்கு எப்சன் வகுத்த இஎஸ்சி/பி கட்டளைகள். விலை குறைந்த லேசர்களில் பல ஹோஸ்ட் பேஸ்டு வகையைச் சேர்ந்தவை: பக்கத்தை வரைகிற வேலை முழுவதும் கம்ப்யூட்டரில் நடக்கும், பிரிண்டர் தாளில் இறக்குவதோடு சரி. ஊர் முழுக்க இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி2900 இரண்டும் அந்த வகைதான். இவற்றுக்குப் பொதுவான டிரைவர் எதுவும் சரிவராது. அந்தக் கம்பெனி அந்த மாடலுக்கென்று கொடுத்ததே வேண்டும். உங்கள் பிரிண்டர் எந்த வகை என்று முதலிலேயே தெரிந்தால், பின்னால் மேக்கிலும் லினக்ஸிலும் மெனக்கெட வேண்டிய பாதி வேலை மிச்சம்.

போடுவதற்கு முன்

மாடல் பெயரைப் பிரிண்டரின் முன்பக்கத்தில் பார்த்தால் போதாது. பின்னாலோ மூடியைத் திறந்தால் உள்ளேயோ ஒட்டியிருக்கும் சீட்டில் இருப்பதை எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். எப்சன் எல்3210-க்கும் எல்3250-க்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முதலாவது யூஎஸ்பி மட்டும், இரண்டாவதில் வைஃபை உண்டு. டிரைவரும் வேறு.

அடுத்து கம்ப்யூட்டர். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் 'சிஸ்டம் டைப்' என்ற வரி இருக்கும். 64-பிட்டா 32-பிட்டா என்பதோடு, செயலி எக்ஸ்64 வகையா ஆர்ம் வகையா என்பதும் அதே வரியில் தெரியும். ஸ்னாப்டிராகன் செயலியோடு வரும் புதிய லேப்டாப்களில் சாதாரண விண்டோஸ் டிரைவர் ஏறாது. ஆர்ம்64-க்கென்று எழுதியது வேண்டும், பழைய பிரிண்டர்களுக்கு அது பெரும்பாலும் கிடையாது. வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. விண்டோஸ் 'எஸ் மோட்' என்று இருந்தாலும் இணையத்தில் இறக்கிய இன்ஸ்டாலர் ஓடாது. முதலில் அந்த மோடிலிருந்து வெளியே வர வேண்டும்.

டிரைவர் எங்கே எடுப்பது? பிரிண்டர் கம்பெனியின் சொந்தத் தளத்தில், 'சப்போர்ட்' பகுதியில். தேடுபொறியில் மாடல் பெயரோடு டிரைவர் என்று அடித்தால் மேலே வருபவை பல நேரம் விளம்பரங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று ஒன்றை ஏற்றிவிட்டுக் காசு கேட்பார்கள், அல்லது ஒரு டோல் ஃப்ரீ நம்பரைக் காட்டி ரிமோட்டில் உள்ளே வந்து பணம் பறிப்பார்கள். எந்தப் பிரிண்டர் கம்பெனியும் டிரைவருக்குக் காசு வாங்குவதில்லை. பழைய சாம்சங் லேசர் வைத்திருப்பவர்கள் சாம்சங் தளத்தில் தேடி அலைய வேண்டாம். அந்தப் பிரிண்டர் தொழிலை 2017-இல் எச்பி வாங்கிவிட்டது, டிரைவர்களும் எச்பி தளத்துக்கே போய்விட்டன. பெட்டியோடு வந்த சிடியை எடுத்து வைத்துவிடுங்கள். அதில் இருப்பது பிரிண்டர் தயாரான காலத்து விண்டோஸுக்கானது.

அந்தத் தளத்தில் பெரும்பாலும் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று 'ஃபுல்' பேக்கேஜ், மற்றொன்று 'பேசிக்' டிரைவர். ஸ்கேனர் இல்லாத பிரிண்டருக்கு பேசிக் போதும். ஸ்கேனரும் ஜெராக்ஸும் சேர்ந்த ஆல் இன் ஒன் என்றால் ஃபுல் எடுங்கள், அல்லது ஸ்கேனர் டிரைவரைத் தனியாக இறக்குங்கள். பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் மட்டும் வரவில்லை என்பதற்குக் காரணம் அநேகமாக இதுதான்.

விண்டோஸ்: யூஎஸ்பி வழியாக

கேபிளை முதலில் செருகாதீர்கள். இன்ஸ்டாலரை ஓட்டி, அது கேட்கும்போது செருகுங்கள். முன்கூட்டியே செருகினால் விண்டோஸ் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளும். பிறகு கம்பெனியின் இன்ஸ்டாலர் பிரிண்டர் கிடைக்கவில்லை என்று சொல்லி அப்படியே நிற்கும். டெஸ்க்டாப் என்றால் கேபிளை சிபியு-வின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். ஹப் வழியாக வேண்டாம். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு எல்லை 5 மீட்டர். அதற்கு மேல் எக்ஸ்டென்ஷன் போட்டு இழுத்தால் பாதிப் பக்கத்தில் நிற்பது, கண்ட எழுத்து வருவது எல்லாம் தொடங்கும்.

முடிந்ததும் செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய், உங்கள் பிரிண்டரைத் திறந்து டெஸ்ட் பேஜ் அடியுங்கள். இது விண்டோஸ் 11-இல் புளூடூத் அண்ட் டிவைசஸ் உள்ளே இருக்கிறது, விண்டோஸ் 10-இல் டிவைசஸ் உள்ளே. டெஸ்ட் பேஜ் வந்தால் டிரைவர் சரி. அதற்குப் பிறகும் பில் வரவில்லை என்றால் கோளாறு பில்லிங் சாஃப்ட்வேரில்.

அதே பக்கத்தில் உடனே இரண்டு வேலை. 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்' என்பதை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கடைசியாக எந்தப் பிரிண்டரில் அடித்தீர்களோ அதுவே டீஃபால்ட் ஆகும். இரண்டு பிரிண்டர் இருக்கும் கடையில் ஏ4 இன்வாய்ஸ் திடீரென்று ஸ்டிக்கர் ரோலில் வருவது இதனால்தான். அடுத்து பிரிண்டிங் பிரிஃபரன்சஸில் தாள் அளவு. பல டிரைவர்கள் அமெரிக்க 'லெட்டர்' அளவில் வந்து உட்காரும். நாம் வைப்பது ஏ4. பிரிண்டர் லெட்டர் தாளுக்காகக் காத்துக்கொண்டு விளக்கை மின்னிக்கொண்டே இருக்கும், ரிப்பேர் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். பத்திரம் அடிப்பவர்கள் லீகல் அளவை, அதாவது 8.5 × 14 அங்குலத்தை, டிரைவரிலும் வேர்டிலும் இரண்டு இடத்திலும் வையுங்கள். ஒன்றில் மட்டும் வைத்தால் அடிவரிகள் வெட்டுப்படும்.

கேபிளைக் கழற்றி வேறு போர்ட்டில் செருகினால் அதே பிரிண்டர் 'காப்பி 1' என்று இரண்டாவதாக முளைக்கும். பழைய பெயருக்கு அனுப்பிய வேலை எல்லாம் க்யூவில் தேங்கி நிற்கும். பழைய போர்ட்டிலேயே திரும்பச் செருகுவது எளிய வழி. இல்லையென்றால் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கம் போய் யூஎஸ்பி001, யூஎஸ்பி002 என்று இருப்பதில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ்: வைஃபை, நெட்வொர்க்

பிரிண்டரை முதலில் ரவுட்டரோடு சேர்க்க வேண்டும், அதன் பிறகே டிரைவர். எல்3250 போன்ற இங்க் டேங்க்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும் பிடிக்கும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் கொடுத்தால் பட்டியலில் பெயரே வராது. வாடிக்கையாளருக்கென்று வைத்திருக்கும் கெஸ்ட் வைஃபையில் கம்ப்யூட்டர் இருந்தாலும் பிரிண்டரைப் பார்க்க முடியாது, அந்த நெட்வொர்க்கில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்காதபடி தடுத்திருப்பார்கள்.

இனி நம் ஊரில் அதிகம் கேட்கும் புகார்: நேற்றுவரை ஓடிய பிரிண்டர் இன்று ஆஃப்லைன். அதிலும் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்திய மறுநாள் இது சகஜம். ரவுட்டர் அணைந்து எழும்போது ஒவ்வொரு சாதனத்துக்கும் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் விலாச எண்ணை, புதிதாகக் கொடுக்கிறது. பிரிண்டருக்கு 192.168.1.7 இருந்த இடத்தில் 192.168.1.12 வந்துவிட்டால், விண்டோஸ் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் அன்றைக்குச் சரியாகும், அடுத்த மின்தடையில் பழைய கதைதான். நிரந்தரமாகத் தீர்க்க இப்படிச் செய்யுங்கள்.

பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் ஸ்டேட்டஸ் ஷீட் ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். அதில் ஐபி முகவரியும் மேக் முகவரியும் இருக்கும். மேக் முகவரி என்பது அந்தப் பிரிண்டருக்கென்றே உள்ள மாறாத அடையாள எண், மேக் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரவுட்டரின் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் அந்த மேக் முகவரிக்கு ஒரு ஐபியை, உதாரணமாக 192.168.1.50, நிலையாக ஒதுக்குங்கள். பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் ஆட் டிவைஸ் அழுத்தி, தேடி முடியட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தால் கையால் சேர்க்கும் 'ஆட் மேனுவலி' வரும். அதில் ஐபி முகவரி மூலம் சேர்ப்பதைத் தேர்ந்து, வகை டிசிபி/ஐபி என்று வைத்து, 192.168.1.50 கொடுங்கள். டிரைவர் கேட்கும் இடத்தில் முன்பே ஏற்றியதைக் காட்டுங்கள். கடைசியாக போர்ட்ஸ் பக்கத்தில் 'கான்ஃபிகர் போர்ட்' திறந்து, 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பிரிண்டரின் நிலையை விண்டோஸ் விசாரிக்கும் முறை அது. பிரிண்டர் நன்றாக இருந்தாலும் அந்த விசாரிப்புக்குப் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்றே காட்டும். விண்டோஸ் தானாகச் சேர்த்த பிரிண்டரில் போர்ட் பெயர் 'டபிள்யூஎஸ்டி' என்று தொடங்கினால், அதை இந்த முறைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

ஒரு கம்ப்யூட்டரில் யூஎஸ்பி பிரிண்டரை மாட்டி, மற்றவற்றுக்கு ஷேர் செய்வது சிறிய ஆபீஸ்களில் வழக்கம். 2021 ஜூலையில் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில், அதாவது பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பகுதியில், 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. அதை அடைக்க வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு, ஷேர் பிரிண்டரின் டிரைவரை ஏற்ற அட்மின் உரிமை தேவைப்படுகிறது. 11பி என்று முடியும் எரர், 709 என்று முடியும் எரர் இரண்டும் அந்தக் காலத்திலிருந்து வருபவை. ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைப் போட்டால் சரியாகும் என்று யூடியூபில் சொல்வார்கள். சரியாகும்தான், ஆனால் அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறந்துவிடுகிறீர்கள். அதற்குப் பதில் இரண்டு கம்ப்யூட்டரிலும் அப்டேட்டை முழுமையாக முடித்து, பிரிண்டர் மாட்டிய கம்ப்யூட்டரின் யூசருக்கு ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். இரண்டாவது கம்ப்யூட்டரில் அதே டிரைவரைத் தனியாக ஏற்றுங்கள். பிறகு கையால் பிரிண்டர் சேர்க்கும்போது புதிதாக ஒரு 'லோக்கல் போர்ட்' உருவாக்கி, அதன் பெயராக இரண்டு பின்சாய்வுக் கோடு, கம்ப்யூட்டர் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, ஷேர் பெயர் என்று இடைவெளி இல்லாமல் அடியுங்கள். ஷேர் பெயரை முன்பே சின்னதாக, இடைவெளி இல்லாமல் வைத்திருந்தால் தவறு வராது.

டாட் மேட்ரிக்ஸ், ஸ்டிக்கர் பிரிண்டர்

புதிதாக வருபவர்கள் திணறுவது இங்கேதான். டிரைவர் ஏறியிருக்கும், எழுத்தும் வரும், ஆனால் ஒவ்வொரு பில்லும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். தாள் அளவு பொருந்தவில்லை என்று அர்த்தம். 10 × 12 அங்குலத் தொடர்தாளை நடுவில் கிழித்து 10 × 6 பில்லாகப் பயன்படுத்துகிறீர்கள், டிரைவரோ ஏ4 என்று நினைத்து தாளைத் தள்ளுகிறது.

பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தின் கீழே 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' இருக்கும். ஃபார்ம்ஸ் பகுதியில் 'கிரியேட் எ நியூ ஃபார்ம்' டிக் செய்து, 'பில் 10க்கு 6' என்பது போல் ஒரு பெயர் கொடுத்து, அகலம் 25.4 செ.மீ., உயரம் 15.24 செ.மீ. போட்டு சேவ் செய்யுங்கள். பிறகு பிரிண்டரின் பிரிஃபரன்சஸிலும், பில்லிங் சாஃப்ட்வேரிலும் அதையே தேர்ந்தெடுங்கள். எப்சன் எல்எக்ஸ்-310, டிவிஎஸ் எம்எஸ்பி வரிசை இரண்டிலும் வழி இதுதான். முதல் தாளை வைக்கும்போது துளையிட்ட மடிப்புக் கோடு கிழிக்கும் விளிம்பில் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள், அந்த இடத்தைத்தான் பிரிண்டர் தாளின் தலை என்று எடுத்துக்கொள்ளும்.

வேகமாக அடிக்கிறது என்று 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரைப் போடுவதும் உண்டு. ஆங்கிலத்தில் பில் போட்டால் நன்றாக ஓடும். விவசாயி பெயரையோ ஊர் பெயரையோ தமிழில் போட்டால் கேள்விக்குறிகள்தான் வரும். அந்த முறையில் பிரிண்டர் தன் சிப்பில் இருக்கும் எழுத்துகளையே அடிக்கிறது, அதில் தமிழ் கிடையாது. தமிழ் வேண்டுமென்றால் கம்பெனியின் டிரைவரைப் போட்டு, எழுத்தைப் படமாக அடிக்கவிட வேண்டும். வேகம் குறையும். வேறு வழியில்லை.

ஸ்டிக்கர் பிரிண்டரில் கவனம் முழுக்க அளவில் இருக்கட்டும். 50 × 25 மி.மீ. ஸ்டிக்கர் வரிசைக்கு இரண்டு வீதம் இருக்கும் ரோல் என்றால், டிரைவரில் அகலம் 50 அல்ல. இரண்டு ஸ்டிக்கரும் நடு இடைவெளியும் சேர்ந்த அளவு. இடைவெளி 3 மி.மீ. என்றால் 103. ஸ்கேல் வைத்து ரோலிலேயே அளந்து போடுங்கள், அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். டிஎஸ்சி பிரிண்டர்களுக்கான டிரைவரில் 'ஸ்டாக்' பக்கத்தில் இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும். வகை: 'லேபிள்ஸ் வித் கேப்ஸ்'. முறை: ரிப்பன் மாட்டியிருந்தால் 'தெர்மல் டிரான்ஸ்ஃபர்', ரிப்பன் இல்லாத ரோல் என்றால் 'டைரக்ட் தெர்மல்'. இதை மாற்றி வைத்தால் ரிப்பனே தேவையில்லாத ரோலுக்கு ரிப்பன் தீர்ந்தது என்று சிவப்பு விளக்கு எரியும். ரோலின் அளவை மாற்றும்போதெல்லாம் சென்சார் கேலிபரேஷன் ஒருமுறை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஒரு ஸ்டிக்கர் அடித்து மூன்று ஸ்டிக்கர் வெறுமனே ஓடும்.

பார்கோடு ஸ்கேன் ஆகாவிட்டால் பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் 'ஃபிட் டு பேஜ்' இருக்கிறதா பாருங்கள். 203 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 203 புள்ளி அடிக்கும் பிரிண்டரில் 1 மி.மீ.க்கு 8 புள்ளிதான். படத்தைச் சுருக்கினால் கோடுகளின் அகலம் அந்தப் புள்ளிக் கணக்கில் உட்காராமல் மங்கிவிடும். நூறு சதவீத அளவிலேயே அடிக்க வேண்டும். இரண்டாயிரம் கார்ட்டனுக்கு ஒட்டிய பிறகு பையர் ஸ்கேனர் படிக்காவிட்டால் மொத்தத்தையும் உரித்து ஒட்ட வேண்டி வரும். முதல் ஸ்டிக்கரைச் செல்போனிலாவது ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு மீதியை ஓட்டுங்கள்.

பழைய டிரைவரைச் சுத்தமாக எடுப்பது

பாதியில் நின்ற இன்ஸ்டாலேஷன் மேல் திரும்பத் திரும்பப் போடுவதில் பயனில்லை. இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. யூஎஸ்பி கேபிளைக் கழற்றி, பிரிண்டரைப் பட்டியலிலிருந்து ரிமூவ் செய்யுங்கள்.
2. சர்வீசஸ் பகுதியைத் திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' சர்வீஸை ஸ்டாப் செய்யுங்கள்.
3. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் போய், உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்க வேண்டாம். அழியாமல் அடம்பிடிக்கும் பிரிண்ட் ஜாப் எல்லாம் இங்கேதான் கிடக்கும்.
4. ஸ்பூலரைத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள்.
5. பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர்ஸ் பகுதிக்குப் போய், அந்த மாடலைத் தேர்ந்து, 'ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்' கொடுங்கள். வெறும் 'ரிமூவ் டிரைவர் ஒன்லி' கொடுத்தால் பழுதான கோப்பு உள்ளேயே இருந்து அடுத்த முறையும் அதுவே வரும்.
6. ரீஸ்டார்ட். அதன் பிறகு புது டிரைவர்.

ஐந்தாவது படியில் 'டிரைவர் இன் யூஸ்' என்று வந்தால் ஸ்பூலரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து உடனே முயன்றால் போய்விடும்.

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, அதனால் பலர் 11-க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். பழைய பிரிண்டர்கள் பலவற்றுக்குக் கம்பெனித் தளத்தில் விண்டோஸ் 11 என்று தனியாக எதுவும் இருக்காது. விண்டோஸ் 10-க்கான 64-பிட் டிரைவரைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஓடும். எச்பி 1020-க்கு எச்பியின் 'யுனிவர்சல்' டிரைவர் சரிவராது, 'ஹோஸ்ட் பேஸ்டு' என்று இருப்பதை எடுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து 'விண்டோஸ் புரொட்டெக்டட் பிரிண்ட் மோட்' என்று ஒன்று இருக்கிறது. அதை யாராவது ஆன் செய்துவிட்டால் கம்பெனி டிரைவர்கள் எல்லாம் வேலை செய்யாமல் போகும், மோப்ரியா என்ற பொதுத் தரச் சான்று பெற்ற பிரிண்டர்கள் மட்டும் ஓடும். பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

இனிவரும் போக்கும் அந்தப் பக்கம்தான். கம்பெனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. ஐபிபி என்ற பொது முறையைப் பேசும் பிரிண்டருக்குத் தனி டிரைவரே வேண்டாம். புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் ஏர்பிரிண்ட் (டிரைவர் இல்லாமல் அடிக்கும் ஆப்பிளின் முறை) அல்லது மோப்ரியா என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஐநூறு ஆயிரம் கூட ஆனாலும் அது வீண்போகாது. இனி சொல்லப்போகும் மேக், லினக்ஸ், செல்போன் மூன்றிலும் அதே பிரிண்டர் டிரைவர் இல்லாமல் ஓடும்.

மேக்

ஏர்பிரிண்ட் பிரிண்டர் என்றால் இரண்டு நிமிடம். சிஸ்டம் செட்டிங்ஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், 'ஆட் பிரிண்டர்' என்று போய்ப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். கீழே 'யூஸ்' என்ற இடத்தில் ஏர்பிரிண்ட் என்று வந்தால் அப்படியே சேர்க்கலாம்.

ஏர்பிரிண்ட் இல்லாத யூஎஸ்பி பிரிண்டருக்குக் கம்பெனியின் மேக் டிரைவர் வேண்டும். உங்கள் மேக்ஓஎஸ் பதிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள். 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து 32-பிட் மென்பொருள் எதுவும் ஓடாது, அதற்கு முந்தைய டிரைவர்கள் பல அதோடு நின்றுவிட்டன. திறக்கும்போது தடுத்தால் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தின் அடியில் 'ஓப்பன் எனிவே' இருக்கும். எம் வரிசைச் செயலி உள்ள மேக்புக்கில் கேபிள் செருகியதும் இந்தச் சாதனத்தை அனுமதிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் 'டோன்ட் அலவ்' அழுத்திவிட்டு, பிரிண்டர் தெரியவில்லை என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மாடல் பெயர் பட்டியலில் இல்லையென்று 'ஜெனரிக் போஸ்ட்ஸ்கிரிப்ட்' தேர்ந்தெடுக்கத் தோன்றும். பிரிண்டருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் தாள் தாளாகக் குறியீடுகள் வந்துகொண்டே இருக்கும். அப்படி வந்தால் தட்டிலிருந்து தாளை உருவிவிட்டு, க்யூவில் கேன்சல் செய்து, பிரிண்டரை அணைத்து எழுப்புங்கள். எதுவுமே சரியாகாவிட்டால் பிரிண்டர் பட்டியலில் கன்ட்ரோல் விசையோடு கிளிக் செய்து 'ரீசெட் பிரிண்டிங் சிஸ்டம்' கொடுக்கலாம். எல்லாப் பிரிண்டரும் போய்விடும், திரும்பச் சேர்க்க வேண்டும்.

லினக்ஸ்

உபுண்டு, மின்ட், சிடாக்கின் பாஸ் லினக்ஸ் எல்லாவற்றிலும் பிரிண்ட் வேலையைச் செய்வது கப்ஸ் என்ற மென்பொருள். 1999-இல் வந்தது, மேக்கிலும் உள்ளே இருப்பது அதுவே. ஐபிபி பேசும் வைஃபை பிரிண்டர் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் நீங்கள் ஒன்றும் செய்யாமலே பட்டியலில் வந்து நிற்கும். புதிய பதிப்புகளில் யூஎஸ்பி வழியாகவும் அப்படியே.

வராதவற்றுக்குக் கம்பெனியைப் பொறுத்து வழி மாறும். எச்பிக்கு 'எச்பிலிப்' தொகுப்பு, பல லினக்ஸ்களில் முன்பே இருக்கும். 1020, பி1007, பி1108 போன்றவற்றுக்கு அதோடு எச்பியின் 'பிளகின்' ஒன்றும் வேண்டும், இணைய வசதியோடு எச்பி-செட்டப் ஓட்டினால் அதுவே இறக்கிக்கொள்ளும். லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் 1020 நின்றுபோனால் பதற வேண்டாம். பிளகின் பதிப்பும் எச்பிலிப் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், எச்பி-பிளகினை மறுபடி ஓட்டினால் போதும். 1020 ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் தன் ஃபர்ம்வேரை, அதாவது தன்னை இயக்கும் உள் மென்பொருளை, கம்ப்யூட்டரிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. அதைக் கொடுப்பது இந்த பிளகின்.

எப்சன் இங்க் டேங்க்குக்கு 'இஎஸ்சி/பி-ஆர்' டிரைவர் உபுண்டு, டெபியன் களஞ்சியங்களிலேயே கிடைக்கும். பிரதர் தன் தளத்தில் லினக்ஸுக்கென்று இன்ஸ்டாலர் கொடுக்கிறது. கேனன் எல்பிபி2900 மட்டும் தலைவலி: கேனன் கொடுத்த 'கேப்ட்' டிரைவர் 32-பிட் லைப்ரரிகளை நம்பியிருப்பதால் இன்றைய லினக்ஸில் ஏற்றுவது புதியவருக்கு ஏற்ற வேலை அல்ல. அந்தப் பிரிண்டரை விண்டோஸோடு விட்டுவிடுங்கள்.

கையால் சேர்க்க, பிரவுசரின் முகவரிப் பட்டியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, 631 அடித்தால் கப்ஸின் பக்கம் திறக்கும். 'அட்மினிஸ்ட்ரேஷன்' உள்ளே 'ஆட் பிரிண்டர்'. பாஸ்வேர்டு கேட்டு ஏற்காமல் போனால் உங்கள் யூசர் 'எல்பிஅட்மின்' குழுவில் இல்லை, சேர்த்துவிட்டு லாக்அவுட் ஆகி வாருங்கள்.

குரோம்புக், செல்போன்

இரண்டிலும் விண்டோஸ் மாதிரி டிரைவர் ஏற்ற வழி கிடையாது. குரோம்புக்கில் செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பக்கம் போய் ஐபிபி பிரிண்டரைச் சேர்க்கலாம். கூகிள் கிளவுட் பிரிண்ட் பற்றிப் பழைய வழிகாட்டிகளில் இருப்பதைப் பின்பற்ற வேண்டாம், அந்தச் சேவை 2020 டிசம்பர் 31-உடன் மூடப்பட்டது. ஆண்ட்ராய்டில் 'டீஃபால்ட் பிரிண்ட் சர்வீஸ்' ஆன் ஆகியிருந்தால் அதே வைஃபையில் இருக்கும் பிரிண்டர் தெரியும். தெரியாவிட்டால் பிளே ஸ்டோரிலிருந்து 'மோப்ரியா பிரிண்ட் சர்வீஸ்' அல்லது பிரிண்டர் கம்பெனியின் சொந்த ஆப். ஐபோனில் ஏர்பிரிண்ட், அல்லது பிரிண்டர் கம்பெனியின் ஆப். யூஎஸ்பி மட்டும் உள்ள 1020-இல் செல்போனிலிருந்து நேரடியாக அடிக்க முடியாது.

தமிழ் எழுத்து உடைந்து வந்தால்

முதலில் திரையைப் பாருங்கள். திரையிலேயே எழுத்து குழம்பியிருந்தால் டிரைவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும். எழுத்துருவை ஏற்றுங்கள், அல்லது அடித்தவரிடம் பிடிஎஃப் ஆக வாங்குங்கள். திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் கட்டங்களோ விட்டுப்போன கொம்புகளோ வந்தால் அது டிரைவர் வேலை. அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுக்கும்போது 'அட்வான்ஸ்டு' உள்ளே 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' டிக் செய்தால் உடனே சரியாகும். நிரந்தரமாகச் சரிசெய்ய, பிரிஃபரன்சஸில் ட்ரூடைப் எழுத்துரு என்ற இடத்தில் 'டிவைஸ் ஃபான்ட்' இருப்பதை 'சாஃப்ட்ஃபான்ட்' என்று மாற்றுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்: முழு மாடல், ஐபி முகவரி, டிரைவர் கோப்பின் பெயர். அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு மேசை டிராயரில் வையுங்கள். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். தாளைச் சூடாக்கும் ஃப்யூசர் ஒவ்வொரு முறை சூடேறும்போதும் இழுக்கும் கரண்ட்டுக்குச் சின்ன யூபிஎஸ் தாங்காது, கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும். அதைச் சுவர் பிளக்கில் நேரடியாகப் போட்டு, ரவுட்டரை மட்டும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள்.